சுற்றும் மூலக்கூறு, நகராத அம்புக்குறி: 3டி ஸ்லைடை ஒழுங்காகச் செய்வது எப்படி?

"ஏம்மா, தப்பு எங்க இருக்குன்னு பார்க்கிறதுக்குள்ள அது அந்தப் பக்கம் திரும்பிடுச்சே?"

கோவையில் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படிக்கும் என் தோழியிடம் நீலகிரியில் ஒருவர் கேட்ட கேள்வி இது. சிக்கிள் செல் அனீமியா பற்றி கிராம சுகாதார செவிலியர்களுக்கு 10 நிமிடம் விளக்கப் போயிருந்தாள். ஸ்லைடில் ஹீமோகுளோபின் வானவில் நிறத்தில் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆறு அம்புக்குறிகள், ஆறு லேபிள்கள். மூலக்கூறு சுற்றியது, அம்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இரண்டு விநாடியில் 'பிறழ்வு இங்கே' என்ற அம்பு சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

கேள்வி கேட்டவர் பல வருடங்களாக வீடு வீடாகப் போய், மக்களை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வருபவர். "எதுக்கு ரத்தம் எடுக்கறீங்க?" என்று கேட்கும் குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவருக்குப் புரியவில்லை என்றால் அந்த ஸ்லைடால் யாருக்கு என்ன பயன்?

"அடுத்த மாசம் திரும்பவும் போறேன்டி. நீ வீடியோ ஆளுதானே, என்ன தப்புன்னு பார்த்துச் சொல்லு" என்று ஃபைலை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டாள். நான் பிளஸ் டூவோடு கெமிஸ்ட்ரிக்கு டாட்டா சொன்னவள். ஆனாலும் ஒரு வார இறுதி முழுக்க இதிலேயே போனது. செமினார், வைவா, ஆபீஸ் பிரசன்டேஷன் என்று நீங்களும் இப்படி ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கலாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், எதைக் காட்டப் போகிறோம்?

ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகளால் ஆனது. ஆல்பா சங்கிலி இரண்டு, ஒவ்வொன்றிலும் 141 அமினோ அமிலங்கள். பீட்டா சங்கிலி இரண்டு, ஒவ்வொன்றிலும் 146. மொத்தம் 574. சிக்கிள் செல் நோயில் பீட்டா சங்கிலியின் 6-வது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலைன் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் மாற்றம். இது ஒரு 'மூலக்கூறு நோய்' என்று லைனஸ் பாலிங் குழு 1949-ல் சொன்னது. கோளாறு ஒரேயொரு அமினோ அமிலத்தில்தான் என்பதற்கு வெர்னன் இங்ராம் 1950-களின் பிற்பாதியில் ஆதாரம் கொடுத்தார். நீலகிரிக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. தென்னிந்தியாவில் சிக்கிள் செல் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952-ல் பதிவு செய்தது நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான்.

குளுட்டாமிக் அமிலத்துக்கு மின்னூட்டம் உண்டு, தண்ணீரோடு ஒத்துப்போகும். வாலைனுக்கு எண்ணெய் குணம், தண்ணீரிலிருந்து ஒதுங்கப் பார்க்கும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்ட பிறகு, இந்த வாலைன் பக்கத்து ஹீமோகுளோபினில் இருக்கும் ஒரு சின்னக் குழிக்குள் போய்ப் பொருந்திக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டி, 14 இழைகள் முறுக்கிய கயிறு போல நீள்கிறது. அந்தக் கயிறுதான் சிவப்பணுவை உள்ளிருந்து தள்ளி அரிவாள் வடிவத்துக்கு வளைக்கிறது.

ஆக, ஸ்லைடு காட்ட வேண்டியது ஒரே ஒரு விஷயம்: ஒரு மூலக்கூறின் முனை இன்னொன்றின் குழிக்குள் இறங்கும் இடம். தோழியின் ஸ்லைடில் இருந்ததோ ஒற்றை ஹீமோகுளோபின். அதை எத்தனை முறை சுற்றினாலும் ஒட்டுவது தெரியாது, ஒட்டுவதற்கு ஆளே இல்லையே!

சரியான ஃபைல் எங்கே?

புரோட்டீன் டேட்டா பேங்க் என்று ஓர் இலவச இணையக் கிடங்கு இருக்கிறது. 1971-ல் வெறும் 7 மூலக்கூறு அமைப்புகளோடு தொடங்கியது. இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்துக் குறியீடு உண்டு. நமக்கு வேண்டியது '2எச்பிஎஸ்' (தேடும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்). ஆக்சிஜன் இல்லாத நிலையில் இரண்டு சிக்கிள் ஹீமோகுளோபின்கள் ஒட்டியிருக்கும் அமைப்பு அது. இரண்டையும் சேர்த்து 1,148 அமினோ அமிலங்கள். அதில் மாறியிருப்பவை நாலே நாலு.

இப்போது புரிகிறதா வானவில் நிறம் ஏன் ஆகாது என்று? 1,148-ல் நாலைக் காட்ட வேண்டும் என்றால் மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நாங்கள் ஒரு மூலக்கூறுக்கு வெளிர் சாம்பல், அடுத்ததற்குக் கொஞ்சம் அடர் சாம்பல் கொடுத்தோம். வாலைனுக்கு மட்டும் ஆரஞ்சு. அது இறங்கும் குழியின் சுவர்களான 85-வது இடத்து ஃபீனைல்அலனைன், 88-வது இடத்து லூசின் இரண்டுக்கும் நீலம். சிவப்பு-பச்சை ஜோடியைத் தவிர்த்தோம், அதைப் பிரித்தறிய முடியாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். அணுக்களுக்கு நிஜத்தில் நிறமே கிடையாது என்பதால் நிறம் முழுக்க நம் இஷ்டம்தான். ஆனால் ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம் என்று வேதியியலில் பழகிப்போன ஒரு வழக்கம் இருக்கிறது. கூட்டத்தில் கெமிஸ்ட்ரி ஆட்கள் இருந்தால், 'நீலம் இங்கே குழியைக் குறிக்கிறது' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

புரதங்களை ரிப்பன் மாதிரி வளைத்து வளைத்துக் காட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாணியைப் பிரபலமாக்கிய ஜேன் ரிச்சர்ட்சன் 1980-களின் தொடக்கத்தில் அவற்றைக் கையாலேயே வரைந்தார். மூலக்கூறின் முதுகெலும்பு எப்படி ஓடுகிறது என்று காட்ட ரிப்பன் அருமை. ஆனால் 'குழி', 'பொருத்தம்' எல்லாம் ரிப்பனில் தெரியாது. அங்கே மேற்பரப்புப் படம்தான் வேண்டும். தொடக்கத்தில் ரிப்பன், கிட்டே போனதும் மேற்பரப்பு என்று மாற்றினோம்.

சரி, ஏன் சுற்ற வேண்டும்?

இது பேஷனுக்காக வந்ததில்லை. 1960-களில் எம்.ஐ.டி.யில் சைரஸ் லெவிந்தால் கணினித் திரையில் புரத மாதிரிகளைக் கோடுகளாக வரைந்தபோதே, அரைக்கோள வடிவக் கருவி ஒன்றைக் கையால் திருப்பி மூலக்கூறைச் சுழற்றினார்கள். தட்டையான திரையில் ஆழம் கிடையாது. சுழலும்போது முன்னால் இருப்பது ஒரு திசையிலும் பின்னால் இருப்பது எதிர்த் திசையிலும் நகர்வதை வைத்து மூளை ஆழத்தைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது.

ஆனால் மூளை ஏமாறவும் செய்யும். இன்டர்நெட்டில் சுற்றும் பாலே பெண்ணின் நிழலுருவம் ஞாபகம் இருக்கா? சிலருக்கு வலப்பக்கம், சிலருக்கு இடப்பக்கம் சுற்றுவதாகத் தெரியுமே, அதேதான். எது முன்னால், எது பின்னால் என்று குறிப்பு கொடுக்காவிட்டால் மூலக்கூறும் சிலருக்கு எதிர்த்திசையில் சுற்றும். அப்படித் தெரிந்தால் முறுக்கின் திசையே மாறிவிடும். தீர்வு சிம்பிள்: பின்னால் இருப்பது மங்கலாகும்படி 'ஃபாக்' வைக்க வேண்டும், நிழல் ஆன் செய்ய வேண்டும்.

முறுக்கு என்றதும் ஒரு வாக்குமூலம். ஒரு கட்டுரையில் எழுத்துக்கு இடம் வேண்டும் என்று எங்கள் டெஸ்க்கிலேயே ஒரு டி.என்.ஏ. படத்தை இடவலம் ஃபிளிப் செய்து போட்டுவிட்டோம். வலமுறுக்காக இருக்க வேண்டியது இடமுறுக்காகிவிட்டது. ஒரு வாசகர் எழுதித்தான் தெரிந்தது. புரதத்தின் ஆல்பா சுருளும் வலமுறுக்குதான். ஆகவே, மூலக்கூறு வீடியோவை எடிட் செய்யும்போது அந்த ஃபிளிப் பட்டன் பக்கமே போகாதீர்கள்.

செய்யும் விதம்

லேப்டாப்பில் எதுவும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. பிரவுசரில் ஓடும் 'மோல்ஸ்டார்' போதும். குறியீட்டைக் கொடுத்தால் மூலக்கூறு வந்துவிடும். 'எக்ஸ்போர்ட் அனிமேஷன்' பகுதியில் 'கேமரா ஸ்பின்' என்றால் முழுச்சுற்று, 'கேமரா ராக்' என்றால் தொட்டில் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடும். எம்பி4 வீடியோவாக எடுத்துக்கொள்ளலாம். இன்னும் கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களுக்கு 'கைமெராஎக்ஸ்' இருக்கிறது. கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். கட்டளை அடித்துப் பழக வேண்டும், முதல் நாள் கொஞ்சம் கடுப்பாகும்.

என் ஓட்டு தொட்டில் ஆட்டத்துக்குத்தான். முழுச்சுற்றில் பாதி நேரம் நாம் காட்ட நினைப்பது முதுகுப் பக்கம் ஒளிந்திருக்கும். இரண்டு பக்கமும் 20, 30 டிகிரி ஆடினாலே ஆழம் தெரிந்துவிடும், ஆரஞ்சுப் புள்ளியும் கண்ணைவிட்டுப் போகாது. முழுச்சுற்று ஒரே ஒருமுறை, ஆரம்பத்தில், 'இதுதான் ஆள்' என்று அறிமுகம் செய்ய மட்டும்.

அந்த ஒரு சுற்றுக்கு 10 விநாடி கொடுங்கள். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் 300 ஃபிரேம், ஒவ்வொன்றுக்கும் 1.2 டிகிரி. லூப்பில் ஓடவிடுவதாக இருந்தால் கடைசி ஃபிரேம் 360-ல் முடியக் கூடாது, 358.8-ல் முடிய வேண்டும். 360-ம் 0-வும் ஒரே படம் என்பதால், இரண்டும் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன விக்கல் தெரியும்.

அம்புக்குறிப் பஞ்சாயத்து

இப்போது அசல் பிரச்சினைக்கு வருவோம். மென்பொருளே போடும் லேபிள் மூலக்கூறோடு சேர்ந்து நகரும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நகரும் எழுத்தைப் படிப்பது சள்ளை. சில அமைப்புகளில் அந்த இடம் பின்னால் போன பிறகும் லேபிள் மேலாக மிதந்துகொண்டே இருக்கும். பவர்பாயின்ட்டில் நாமே போடும் லேபிள் நகரவே நகராது. இரண்டுமே உதவாது.

செய்தி வீடியோவில் நாங்கள் செய்வதைத்தான் இங்கேயும் செய்தோம். கேமரா நகரும்போது எழுத்து கிடையாது. கேமரா நின்ற பிறகு எழுத்து. பவர்பாயின்ட் 2019-லும் மைக்ரோசாஃப்ட் 365-லும் இதற்கு அழகான வழி இருக்கிறது. கைமெராஎக்ஸிலிருந்து மூலக்கூறை ஜிஎல்பி ஃபைலாகச் சேமித்து, 'இன்சர்ட்' மெனுவில் '3டி மாடல்ஸ்' வழியாக ஸ்லைடில் போடுங்கள். அந்த ஸ்லைடை டூப்ளிகேட் செய்து, இரண்டாவதில் மாடலைத் தேவையான கோணத்துக்குக் கையால் திருப்பி, பெரிதாக்குங்கள். அதற்கு 'மார்ஃப்' டிரான்சிஷன் கொடுங்கள். கிளிக் செய்ததும் மூலக்கூறு தானே வழுக்கிக்கொண்டு திரும்பி, கிட்டே வந்து நிற்கும். நின்ற ஸ்லைடில் மட்டும் லேபிள். ஒரு ஸ்லைடுக்கு ஒன்று, அதிகபட்சம் இரண்டு.

ஆறு லேபிள் இரண்டானது. 'மாறிய இடம்', 'பக்கத்து மூலக்கூறின் குழி'. எழுத்தை மேற்பரப்பின் மேல் வைக்காமல் வெற்றிடத்தில் வைத்து, மெல்லிய கோடு ஒன்றால் இணைத்தோம். வாலைன், ஃபீனைல்அலனைன் பெயர்களெல்லாம் தோழியின் டிபார்ட்மென்ட் வைவாவுக்கான ஃபைலில் மட்டும்.

ஒரு தொல்லை வந்தது. ஜிஎல்பியாகக் கொண்டுவந்ததும் நிறங்கள் காணாமல் போய், எல்லாம் ஒரே வெள்ளை. சேமிக்கும்போது நிறத்தை 'டெக்ஸ்சர்' ஆகச் சேமிக்கும் ஆப்ஷனைத் தேர்ந்ததும் சரியானது. அதுவும் நடக்கவில்லை என்றால் அலட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டு குட்டி வீடியோக்கள், நடுவில் லேபிளோடு ஒரு நிலைப்படம் என்று வைத்தால் போதும்.

கிளம்பும் முன் இன்னொன்று. போகிற இடத்தில் பழைய பவர்பாயின்ட் இருக்கலாம். கூகுள் ஸ்லைட்ஸ் என்றால் 3டி மாடல் ஓடாது. எனவே எம்பி4, பிடிஎஃப் இரண்டும் பென் டிரைவில் இருக்கட்டும். பின்னணி வெள்ளையா கறுப்பா? கறுப்பு மொபைலில் கெத்தாக இருக்கும்தான். ஆனால் ஜன்னல் திறந்த ஹாலில், பழைய புரொஜெக்டரில், எல்லாம் சாம்பலாக வெளுத்துவிடும். வெள்ளையே வைத்தோம்.

அடுத்த மாதம் போனவள் இரவு போன் செய்தாள். அதே செவிலியர், அதே முன் வரிசை. ஆரஞ்சுப் புள்ளி குழிக்குள் இறங்கி நின்ற ஸ்லைடில், "கொக்கி மாதிரி மாட்டிக்குது" என்று அவரே பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினாராம். பிறகு கையைத் தூக்கி அடுத்த கேள்வி: "அப்போ அப்பா, அம்மா ரெண்டு பேருமே இதைக் கடத்துறவங்களா இருந்தா, பிள்ளைக்கு வர எவ்வளவு வாய்ப்பு?"

ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று, அதாவது 25 சதவீதம். தோழி வாயால் சொல்லிவிட்டாள், ஆனால் அதற்கு ஸ்லைடு இல்லை. "அதுக்கு 3டி எல்லாம் வேணாம்டி, நாலு கட்டம் போதும். நாளைக்கே போட்டுடலாம்" என்றேன்.