மூச்சு இழுக்காமலே காற்று சீறுவது ஏன்?

பட்டாசு ஆலையில் கந்தகம் எரிந்தால் கிளம்புவது சல்ஃபர் டை ஆக்சைடு, மூச்சுக்குழாயையே புண்ணாக்கிவிடும். சிவகாசி வட்டாரத்தில் அந்தப் புகைக்குள் நுழையும் தீயணைப்பு வீரரின் மூச்சுக்கருவியும், மன்னார் வளைகுடாவில் முக்குளிப்பவரின் கருவியும் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். சிலிண்டரில் 200 அல்லது 300 பார் அழுத்தம். முதல் வால்வு அதைப் பத்து பார் அளவுக்கு இறக்கும். இரண்டாவது வால்வில் ஒரு ரப்பர் சவ்வு; மூச்சை இழுத்ததும் அது உள்வளைந்து நெம்புகோலை அழுத்தும், காற்று வரும். தீயணைப்பு முகமூடிக்குள் மட்டும் அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இடுக்கு இருந்தாலும் காற்று வெளியேறுமே தவிர, புகை உள்ளே வராது.

முக்குளிப்புக் கருவி சும்மா இருக்கும்போதே சீறினால் எந்த வால்வைக் குறை சொல்வது? இரண்டுக்கும் நடுவே அழுத்தமானியை மாட்டிப் பாருங்கள். முள் மெல்ல ஏறிக்கொண்டே போனால் முதல் வால்வின் இருக்கை, அதாவது வால்வு அழுந்தி மூடும் பரப்பு, தேய்ந்திருக்கிறது: உயரழுத்தக் காற்று கசிந்து, இரண்டாவதை நெட்டித் திறக்கிறது. முள் அசையாமல் நின்றால் கோளாறு இரண்டாவதில். பெரும்பாலும் இருக்கையில் விழுந்த தடமோ, நெம்புகோல் உயரமோதான்.

கருவியைக் கழற்றிச் சரிசெய்து மறுபடி பூட்டும்போது என்னை அதிகம் பயமுறுத்துவது ஓ-ரிங், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். பழையதை எஃகு ஊசியால் நெம்பினால் பித்தளைப் பள்ளத்தில் கீறல் விழும். புது வளையம் போட்டாலும் அந்த வழியே கசியும். பிளாஸ்டிக் கொக்கி போதும். ஒற்றைத் தலைமுடி ஒட்டியிருந்தாலும் கசிவுதான். பூட்டியதும் சோப்புநீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்த்த பிறகே, பயிற்சி பெற்றவரின் கையொப்பத்தோடு கருவி வெளியே போக வேண்டும்.