போல என்ற ஒரு சொல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, வணக்கம். முதலில் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுங்கள். (சிரிப்பு)

"இலக்கிய அணிகள் வகுப்பறைக்கா, வாழ்க்கைக்கா?" என்பது தலைப்பு. எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "தண்டியலங்காரம் பொருளணி மட்டுமே 35 சொல்கிறது. பரீட்சைக்குப் படிக்கலாம், எழுதிட்டு மறந்துடலாம்" என்றார். தம்பி, நீங்க மறந்தாலும் அது உங்களை விடாது. காலையில, "இட்லி பஞ்சு மாதிரி இருக்கு"ன்னு வீட்டில் சொல்லிட்டுத்தானே கிளம்பி வந்தீங்க? அதுதான் உவமை. (கைதட்டல்)

தற்குறிப்பேற்றம் என்று ஓர் அணி. இயல்பாக நடக்கிற ஒன்றின் மேல் கவிஞன் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடி காற்றில் ஆடுகிறது. அது "வராதீர்கள்" என்று கைகாட்டுவது போல இருந்தது என்கிறார் இளங்கோவடிகள். கொடிக்கு ஒன்றும் தெரியாது. ஏற்றிச் சொல்வது கவிஞர் மனம்.

இதே அணி நம் சமையலறையிலும் உண்டு. மருமகள் கையிலிருந்து பாத்திரம் நழுவி "ணங்"கென்று விழுகிறது. கூடத்தில் மாமியார் சொல்கிறார்: "என் மேல இருக்கிற கோபத்தைப் பாத்திரத்து மேல காட்டறா!" (சிரிப்பு) விழுந்தது இயல்பு. கோபம் ஏற்றிச் சொன்னது. தான் ஏற்றிச் சொல்கிறோம் என்று இளங்கோவுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. அது தெரிந்துவிட்டால் பாதி வீடுகளில் பாதிச் சண்டை குறையும்.

அடுத்தது வஞ்சப்புகழ்ச்சி. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 95-ஆவது. உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னன் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். கேட்டால் புகழ்ச்சி. யோசித்தால், "நீ போரையே பார்க்காதவன்" என்று பொருள். எதிரியின் அரண்மனையில் நின்றுகொண்டு நேராகச் சொல்ல முடியாததைச் சொல்ல அந்த அம்மாவுக்கு ஓர் அணி கைகொடுத்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வேறுபாடு? மதி போன்ற முகம், அதாவது மதிமுகம் என்றால் உவமை. முகமதி என்று திருப்பிப் போட்டால் உருவகம். உவமையில் "போல" என்ற சொல் இரண்டுக்கும் நடுவே ஒரு வாசற்படி மாதிரி நிற்கும். இது வேறு, அது வேறு என்று நினைவூட்டும். உருவகத்தில் அந்த வாசற்படி கிடையாது. முகமே மதி ஆகிவிடும்.

முகம் மதி ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்கிறார்களே, "மடியில் நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்று! அதுவும் உருவகம்தான். "போல" போய்விட்டது. பெண்ணே நெருப்பு ஆகிவிட்டாள். மடியில் நெருப்பு இருந்தால் என்ன செய்வோம்? உதறுவோம். படிப்பை நிறுத்து, கிடைத்த இடத்தில் கொடு, சீக்கிரம் இறக்கி வை! ஒரு பெண்ணின் தலையெழுத்தை ஓர் அணி தீர்மானித்துவிடுகிறது, நடுவர் அவர்களே. இதுவா வகுப்பறைச் சமாச்சாரம்?

அதற்கு மருந்தையும் நம் இலக்கணமே வைத்திருக்கிறது. உவமை நான்கு வழியில் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர்: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை, அதாவது செயல். மழை போன்ற கை என்றால் பயன். துடி போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற வாய் என்றால் உரு, அதாவது நிறம். யாராவது உங்கள் பெண்ணை நெருப்பு என்றால், "போல"வைத் திரும்பக் கொண்டுவந்து கேளுங்கள்: எதில் ஐயா நெருப்பு போல? வடிவமா? இல்லை. நிறமா? இல்லை. எரிக்கிற செயலா? அவள் யாரை எரித்தாள்? மிச்சம் இருப்பது பயன் ஒன்றுதான். நெருப்பின் பயன் என்ன? சோறு ஆக்கும், விளக்காக எரியும், இருட்டை விரட்டும். அப்படியானால் மடியில் ஏன் கட்டுகிறீர்கள்? மாடத்தில் ஏற்றி வையுங்கள்! (பலத்த கைதட்டல்)

அழகாகப் பேச மட்டும் அணி இல்லை. அடுத்தவர் பேச்சில் நாம் ஏமாறாமல் இருக்கவும் வேண்டும். ஆகவே, அணிகள் வாழ்க்கைக்கே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.