ஆட்டம் அடங்க இரண்டு குச்சி

1873 வாக்கில் அமெரிக்காவின் கான்சாஸ் சமவெளியில் காட்டெருமைத் தோலுக்காக வேட்டைக்குப் போனவனின் வண்டியில் ஈயக்கட்டி, கருமருந்து, தோலுரிக்கும் கத்தி என்று ஏகப்பட்ட சாமான் கிடக்கும். அதன் நடுவே இரண்டு குச்சிகளும் கிடக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றடி நீளம். மேல்நுனிக்குச் சற்றுக் கீழே தோல்வாரால் ஒரு கட்டு. கால்களை விரித்து மண்ணில் ஊன்றினால் பெருக்கல் குறி. மேலே விழும் கவட்டில் துப்பாக்கியைச் சாய்த்துவிட்டுப் பின்னால் சம்மணம் கொட்டி உட்கார்ந்துகொள்வான்.

சொகுசுக்காக அல்ல. அன்றைய ஷார்ப்ஸ் ரைபிளின் எடை ஐந்தரையிலிருந்து ஏழு கிலோ வரை போகும். பெரிய தோட்டாவின் உதையைத் தோள் பொறுக்க வேண்டுமென்றால் துப்பாக்கி கனமாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கனத்தைக் கை எவ்வளவு நேரம் பொறுக்கும்? படுத்துக்கொண்டு சுடப் புல் விடாது. எழுந்து நின்றால் மந்தை பார்த்துவிடும். மிச்சம் இருந்தது உட்கார்ந்த உயரம் ஒன்றுதான். இரண்டு கால் மட்டும் இருப்பதால் குச்சி முன்னும் பின்னும் சாயும். அவன் முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு தானே மூன்றாவது காலாகிவிடுவான்.

அந்த உட்காரல் எதற்கு என்பதுதான் கதை. ரயில் 1872இல் டாட்ஜ் சிட்டிக்கு வந்துவிட்டது. கிழக்கே ஆலைகளின் இயந்திரப் பட்டைகளுக்கு எருமைத்தோல் வேண்டியிருந்தது. மந்தையை நடத்திப்போகும் கிழட்டுப் பசுவை நுரையீரலில் சுட்டால் மற்றவை ஓடாமல் அதையே சுற்றிச்சுற்றி வரும். வேட்டைக்காரன் இடத்தைவிட்டு அசைய வேண்டாம். குழல் கை வைக்க முடியாமல் கொதிக்கும் வரை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ப்பான். ஒரே இடத்தில் பத்துக்கணக்கில். பழியைக் குச்சி மேல் போட மாட்டேன்; ஆனால் அவன் கையைக் களைக்கவிடாமல் பார்த்துக்கொண்டது அதுதான். 1889 தொடக்கத்தில் விலங்கியலாளர் வில்லியம் ஹார்னடே எண்ணிப் பார்த்தபோது, கண்டம் முழுவதிலும் அடைத்து வளர்த்தவை உட்பட மிஞ்சியிருந்தவை 1,091.

இன்று அதே புல்வெளியின் வடமேற்கே வயோமிங்கில், கவைக்கொம்பு கொண்ட ப்ராங்ஹார்னைத் தேடிப் போகிறவரின் சட்டைப்பையில் உரிமச்சீட்டு இருக்கும். எந்தப் பகுதி, எந்தத் தேதிகள், எத்தனை உருப்படி எல்லாம் அதைப் பொறுத்தது. கையிலிருக்கும் ரைபிள் மூன்று கிலோ சொச்சம். அந்த இலேசுதான் வினை. நாடித்துடிப்பும் மூச்சும் நேராகக் குழல்நுனிக்குப் போய்விடுகின்றன. நுனி ஒரு மில்லிரேடியன் பிசகினால் நூறு மீட்டரில் பத்து சென்டிமீட்டர், முந்நூறில் முப்பது. அந்த விலங்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமோ சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது.

ஆகவே தாங்கி. கடையில் குட்டைக் கால் பைபாட் (துப்பாக்கியின் முன்கட்டையில் மாட்டும் இருகால் தாங்கி) கண்ணைப் பறிக்கும். சுடுதளத்தில் சிமென்ட் தரையில் படுத்துக்கொண்டால் மலைபோல் நிற்கும். வயோமிங்கில் படுத்துப் பார்க்கட்டும். குழலுக்கு முன்னால் சேஜ் புதர், வயிற்றுக்கடியில் சப்பாத்திக்கள்ளி. கென்டக்கியில் தயாராகும் ஹாரிஸ் பைபாட்டில் முப்பத்தைந்திலிருந்து எழுபது சென்டிமீட்டர் வரை நீளும் நெடுங்கால் வகை உண்டு. நீட்டிப் பார்த்தால் அந்தத் தோல் வேட்டைக்காரன் உட்கார்ந்த உயரம்! நான் வாங்குவதென்றால் அதைத்தான் வாங்குவேன். குறை இல்லாமல் இல்லை: துப்பாக்கியின் மூக்கு கனக்கும், நெடுங்கால் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும்.

கார்பன் முக்காலியின் கதை வேறு. புகைப்படக்காரர்களின் ஆர்கா-ஸ்விஸ் பிடியை அப்படியே ரைபிளின் முன்கட்டைக்கு மாற்றிக்கொண்டார்கள். விலை எகிறும், ஓடும் விலங்குக்கு முன்னால் மூன்று காலையும் விரித்து முடிப்பதற்குள் அது அடுத்த மேட்டைத் தாண்டியிருக்கும். ஆனால் மணிக்கணக்கில் பைனாகுலரை அதன்மேல் வைத்துத் துழாவுகிறவருக்கு அது தனிச்சுமை இல்லை. எதை வாங்கினாலும் ஒன்று: முன்கட்டையைத்தான் தாங்கியில் வைக்க வேண்டும், குழலை அல்ல. அன்றைய தடித்த குழல் குச்சியில் கிடந்தால் பொறுத்துக்கொண்டது. இன்றைய மெல்லிய குழலில் எது பட்டாலும் குண்டு இடம் மாறி விழும்.

பழைய குச்சியும் போய்விடவில்லை. மொன்டானாவில் ஃபோர்சித் ஊருக்கு வெளியே ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் குவிக்லி துப்பாக்கிப் போட்டி நடக்கிறது. ஷார்ப்ஸ் மாதிரி ரைபிளோடு வருகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்து குச்சிகளைக் கவட்டாக விரிக்கிறார்கள். சிலர் தோல்வாருக்குப் பதில் ஒரு போல்ட்டு முடுக்கியிருப்பார்கள். எதிரே தொலைவில் இரும்புத் தகடுகள். புகை கலைந்து, சுட்டவர் குச்சியைச் சரிசெய்து முடித்த பிறகுதான் ‘டங்’ வந்து சேரும்.