உஷார்! ரோமில் மைக்கைப் பிடிக்கும் முன் அட்டையைப் பாருங்கள்

ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ குடியிருந்துகொண்டு, கோடை வந்தால் தமிழ்க் குழுக்களை இத்தாலிக்கு அழைத்துப் போகும் கைடுகளே, கொஞ்சம் நில்லுங்கள். "ஐரோப்பிய யூனியன்தானே, ஒரு நாட்டு அட்டை எங்கும் செல்லும்" என்று யாராவது சொன்னால் நம்பிக் கிளம்பாதீர்கள். செல்லாது!

2023 டிசம்பரில் இத்தாலி கைடுகளுக்கென்றே 190-ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தது. அனுமதியின்றி கைடு வேலை பார்த்தால் 3,000 முதல் 12,000 யூரோ வரை அபராதம். அப்படிப்பட்டவரை அமர்த்தும் டூர் கம்பெனிக்கும் தனி அபராதம் உண்டு. "நான் வெறும் டூர் மேனேஜர்" என்ற சமாதானமும் எடுபடாது. பஸ், ஓட்டல், சாப்பாடு என்று பார்ப்பதோடு நின்றால்தான் மேனேஜர். கொலோசியம் முன்னால் எல்லோர் காதிலும் இயர்போனை மாட்டவைத்து, மைக்கில் வரலாறு சொல்ல ஆரம்பித்துவிட்டால் நீங்கள் கைடு.

இந்தத் தொழிலில் பலர் நம்பியிருப்பது 1991 தீர்ப்பை. வெளிநாட்டிலிருந்து குழுவோடு வரும் கைடிடம் உள்ளூர் லைசென்ஸ் கேட்கக்கூடாது என்று பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ் மூன்றுக்கும் எதிராக ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் சிறப்புக் கைடோடு மட்டுமே பார்க்க வேண்டிய அருங்காட்சியகங்களுக்கும் வரலாற்றுச் சின்னங்களுக்கும் அது பொருந்தாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நம் ஆட்கள் பார்க்க விரும்புவதே அந்த இடங்களைத்தானே!

இன்னொரு குழப்பம், ஐரோப்பியத் தொழில் அட்டை. 2016 முதல் ஆன்லைனில் வாங்கலாம். ஆனால் அது மலையேற்ற வழிகாட்டி உள்ளிட்ட ஐந்து தொழில்களுக்கு மட்டும். சுற்றுலாக் கைடுக்குக் கிடையாது.

எப்போதாவது போய்வருபவர்கள் முன்கூட்டியே எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். ஜெர்மனியில் கைடு வேலைக்கு லைசென்ஸே இல்லை. எனவே அங்கிருந்து போகிறவர்கள் கடந்த பத்து வருடத்தில் ஒரு வருடமாவது இந்த வேலை பார்த்ததற்குச் சான்று காட்ட வேண்டிவரும். கம்பெனி ரசீது, ஒப்பந்தம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். வாரா வாரம் போகிறவரை 'தற்காலிகம்' என்று ஏற்கமாட்டார்கள். முழு அங்கீகாரம் கேட்பார்கள். அந்த மனுவுக்கு முடிவு வர மூன்று நான்கு மாதம் ஆகலாம், அதற்குமேல் தேர்வும் எழுதச் சொல்லலாம்.

இதெல்லாம் யூனியன் குடியுரிமை உள்ளவர்களுக்கு உள்ள வழி. சென்னையிலிருந்து குழுவோடு வரும் மேனேஜருக்கு இந்திய அரசின் கைடு லைசென்ஸ் இருந்தாலும் அங்கே அது அப்படியே செல்லாது. பணம் கட்டும் பயணிகளே, ரோமில் உங்களுக்கு விளக்கம் சொல்லப்போவது யார், அவரிடம் இத்தாலிய அனுமதி இருக்கிறதா என்று இப்போதே கம்பெனியிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.