சங்கிலி நீளவில்லை, தேய்கிறது

காற்றில் முறிந்து விழுந்த டுரியான் கிளையை வெட்ட, என் மாமா ஒரு பழைய சங்கிலி ரம்பத்தை 350 ரிங்கிட்டுக்கு வாங்கி வந்தார். இரண்டே இழுப்பில் இயந்திரம் ஓடியது. மரத்தில் வைத்ததும் உதறியது. சீவலுக்குப் பதில் மாவு போன்ற தூள் கொட்டியது. சங்கிலி மழுங்கிவிட்டது என்று புதியது வாங்கி மாட்டினார். தூள் சீவலானது, உதறல் நிற்கவில்லை. சில நாள்களில் புதுச் சங்கிலியும் தொங்கத் தொடங்கியது.

"சைன்ஸ் வாத்தியார்தானே நீ, என்னன்னு பாருப்பா" என்று என்னிடம் கொண்டுவந்தார்.

சங்கிலி 'நீண்டுவிட்டது' என்கிறோம். இரும்பு ரப்பரைப்போல் இழுபடுவதில்லை. கண்ணிகளை இணைக்கும் ரிவெட்டும் அது உட்காரும் துளையும் உரசித் தேய்கின்றன. மாமாவின் 20 அங்குல ரம்பத்துச் சங்கிலியில் அடிப்பற்கள் 72. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரிவெட் என்றால் 144. ஒரு ரிவெட்டில் 0.05 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்குத் தேய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிடும்.

இந்தத் தேய்மானம் சங்கிலியோடு நிற்பதில்லை. சங்கிலியை இழுக்கும் சிறிய பற்சக்கரத்தில் 7 பற்கள்தான். பழைய சங்கிலியோடு சேர்ந்து ஓடி ஓடி அந்தப் பற்களில் பள்ளம் விழுகிறது. அதன்மேல் புதுச் சங்கிலியைப் போட்டால் இரண்டின் அளவும் பொருந்தாது. மூன்று, நான்கு பற்களில் பரவ வேண்டிய சுமை ஒரே பல்லில் விழும். உதறல் அங்கிருந்துதான் வருகிறது. புதுச் சங்கிலியும் சீக்கிரம் கெடும். பள்ளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் சக்கரத்தை மாற்ற வேண்டும். மாமாவின் சக்கரத்தில் பள்ளம் என் விரல் நகத்துக்கே தட்டுப்பட்டது.

சக்கரத்தை எடுக்கும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள், கையுறை போடுங்கள். பெரும்பாலான ரம்பங்களில் கிளட்ச்சின் மரை தலைகீழானது. வழக்கம்போல் இடப்பக்கம் திருகினால் இன்னும் இறுகும். வலப்பக்கம் திருகினால்தான் கழலும். இயந்திரம் சுழலும்போது கிளட்ச் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இது தெரியாமல் மாமா ஏற்கெனவே ஒரு ஸ்பேனரை வளைத்திருந்தார்.

கழற்றிய கையோடு இயந்திரத்தையும் பார்த்தோம். சைலன்சரை எடுத்தால் அந்தத் துவாரத்தின் வழியே பிஸ்டனின் பக்கம் தெரியும். மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் இருந்தால் அந்த ரம்பத்தை வாங்காமல் விடுவதே நல்லது. டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் பிஸ்டனுக்கு மசகு தருவது பெட்ரோலில் கலந்த எண்ணெய் மட்டுமே. 50:1 கணக்கில், 1 லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். எரிபொருள் குழாய் வெடித்துக் காற்று புகுந்தால் பெட்ரோல் குறைகிறது. எண்ணெயும் கூடவே குறைகிறது, சூடு ஏறுகிறது. அந்தக் குழாயை விட்டுவிட்டுப் பிஸ்டனை மட்டும் மாற்றுவது, பழைய சக்கரத்தில் புதுச் சங்கிலி மாட்டிய கதைதான். மாமாவின் பிஸ்டன் வழவழப்பாகவே இருந்தது. குழாய்தான் விறைத்து, வளைவில் வெடிப்பு விட்டிருந்தது. மாற்றினோம்.

பற்சக்கரம் இருக்கும் அதே கிளட்ச் உருளையைச் சுற்றித்தான் பிரேக் பட்டை இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. ஓரிடத்தில் தகரம்போல் மெலிந்திருந்தது. 7 பல் சக்கரம் ஒரு சுற்றில் சங்கிலியை ஏறக்குறைய 133 மில்லிமீட்டர் நகர்த்தும். நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் வினாடிக்கு 20 மீட்டர், மணிக்கு 72 கிலோமீட்டர். பாரின் மேல் நுனி மரத்தில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும். அந்த நேரத்தில் சங்கிலியை நிறுத்த வேண்டியது இந்தப் பட்டைதான்.

புதுப் பட்டை, புதுச் சக்கரம் இரண்டையும் மாட்டினோம். இயந்திரத்தை ஓட்டாமல் பிரேக்கைப் போட்டு, கையுறையோடு சங்கிலியை இழுத்தேன். அசையவில்லை. அடுத்து இயந்திரத்தை இயக்கி, பிரேக்கை விடுவித்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் விட்டோம். சங்கிலி நின்ற இடத்திலேயே நின்றது. அப்போதும் மெல்ல ஊர்ந்தால், முதலில் ஐட்லிங் வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம். அதற்கும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கக்கூடும்.

மிச்சமிருந்த டுரியான் கிளையை அன்று மாலை வெட்டினோம். மாமா தரையில் கொட்டிய சீவலை ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, வளைந்த ஸ்பேனரை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.