அறுவடை யந்திரமும் வயல்வாழ் பிராணிகளும்

புரட்டாசிப் பிற்பகுதியில் ஒரத்தநாட்டுப் பக்கம் குறுவை அறுவடை மும்முரமாகிவிட்டால், கல்லணைக் கால்வாய் பாயும் வயல்களில் பகலென்றும் இரவென்றும் பேதமின்றி அறுவடை யந்திரங்களின் ஓசை கேட்கும். மழை முந்திக்கொண்டால் கதிர் சாய்ந்துவிடும். சலுகை அறிவிக்கப்பட்டாலொழிய, ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டிய நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். கருக்கரிவாள் பிடிக்க ஆள் கிடைப்பதோ அரிது. ஆகவே, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை அறுத்து, அடித்து, தூற்றி, மணியை வேறாகக் கொடுத்துவிடும் செயின் வண்டியை வாடகைக்கு அமர்த்தும் விவசாயியைக் குறைகூற எவருக்கும் நியாயமில்லை. என் விசாரமெல்லாம், அந்த வண்டியின் முன்னே, பயிரின் அடியில் அசையாமல் பதுங்கியிருக்கும் பிராணிகளைப் பற்றியது.

வெண்முகமும் வெண்மார்புமாக வாய்க்கால் கரையில் வாலை ஆட்டி நடக்கும் கானாங்கோழி, தென்மேற்குப் பருவத்தை ஒட்டிய மாதங்களில், கோரையிலும் சில சமயம் வரப்போரத்து நெற்பயிரிலும் தாளை வளைத்துக் கூடு கட்டி முட்டையிடும். அதன் கரிய குஞ்சுகள், ஆபத்தென்று தோன்றினால், தாளோடு தாளாக ஒடுங்கிக்கொள்ளும். பால் ஆமையோ தலையையும் கால்களையும் உள்ளிழுத்து, அடியோட்டிலுள்ள மடிப்புகளால் பின்கால்களை மூடிக்கொண்டு சேற்றில் கிடக்கும். கீரியையும் நரியையும் ஏமாற்றுவதற்கு அனாதி காலந்தொட்டு அவற்றுக்குக் கைகொடுத்த உபாயம் இந்த அசைவின்மையே. ஆனால் வெட்டுக்கத்திக்கும் இரும்புச் சங்கிலிப் பட்டைக்கும் முன்னால் அதுவே அவற்றின் மரணத்துக்குக் காரணமாகிறது.

கையால் அறுத்த காலத்தில் இத்தகைய சேதம் இருந்ததில்லை என்று நான் சாதிக்கவில்லை. எனினும் குனிந்து அறுப்பவரின் கண், தாளைப் பற்றும் கைக்குச் சமீபத்திலேயே இருந்தது. கூடு தென்பட்டால் அரிவாள் நின்றது. ஒரு வரப்பிலிருந்து மறு வரப்புக்கு வரிசையாக நகர்ந்த அந்த அறுவடையில், தப்பியோட அவகாசமும் இருந்தது, திசையும் இருந்தது. யந்திரமோ பெரும்பாலும் வரப்போரமாக நாற்புறமும் சுற்றி, சுற்றச் சுற்ற உள்நோக்கிச் செல்கிறது. உயிர்கள் மிஞ்சிய பயிருக்குள் மேலும் மேலும் ஒதுங்குகின்றன. கடைசியில் நடுவே ஒரு திட்டு மட்டும் நிற்கும்போது, சுற்றிலும் ஒளிய இடமில்லை. இரவானால் விளக்கொளியில் கண்ணும் கூசுகிறது. உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு, முன்னே சுழலும் உருளைக்குக் கீழே கிடப்பது எப்படித் தெரியும்?

ஐரோப்பாவில் வீட்டுத் தோட்டத்துப் புல்லை ஆளின்றித் தானே வெட்டும் சிறு யந்திரங்கள் விளைத்திருக்கும் கவலையும் இதே ஜாதியைச் சேர்ந்ததுதான். அங்கே பலியாவது, ஆபத்து வந்தால் ஓடாமல் பந்தாகச் சுருண்டுகொள்ளும் முள்ளெலி. நமது தென்மாவட்டங்களின் வறண்ட காடுகளிலும் அதன் இனத்தார் உண்டு. 2021-இல் டென்மார்க்கைச் சேர்ந்த சோஃபி லுண்ட் ராஸ்முஸ்ஸன் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், இறந்துபோன முள்ளெலிகளை வைத்து 18 வகை யந்திரங்களைப் பரீட்சித்தபோது, எதுவுமே பிராணியின் மீது முட்டாமல் அதனை உணரவில்லை என்று கண்டார்கள். அந்தப் பிராணி இரவில் இரைதேடுவது என்பதால், ஜெர்மனியின் கொலோன் நகரம் 2024-இல் இரவு நேரத்தில் அவற்றை ஓட்டுவதற்குத் தடை விதித்தது.

நமக்கு இதனினும் நெருங்கிய உதாரணம் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இருக்கிறது. கானாங்கோழியின் குடும்பத்தையே சேர்ந்த ஒரு பறவை அங்கே புல்வெளிகளில் கூடு கட்டுகிறது. அதைக் காக்கும் பொருட்டு, புல்லைத் தாமதமாகவும், நடுவில் தொடங்கி வெளிநோக்கியும் அறுக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது.

நெல்லை நடுவில் தொடங்கினால் கதிர் மிதிபடும் என்று ஓட்டுநர் ஆட்சேபிப்பார், அது மெய்யே. ஆதலால் வாய்க்காலுக்கு எதிர்வரப்பில் தொடங்கி, வாய்க்காலை நோக்கிப் பட்டை பட்டையாக அறுத்துச் செல்வதே நம் வயல்களுக்கு உகந்தது என்பது என் அபிப்பிராயம். திருப்பங்கள் அதிகமாகி வாடகை சிறிது கூடலாம். கடைசிப் பட்டைக்கு முன் வண்டியைச் சற்று நிறுத்தி, ஒருவர் கோலால் பயிரைத் தட்டிக்கொண்டே நடந்துவிட்டால் குஞ்சுகள் கோரைக்குள் ஓடிவிடும். முட்டையுள்ள கூடு தென்பட்டால் ஒரு கழியை நட்டு, அந்தச் சிறு இடத்துக் கதிரை மட்டும் பின்னர் கையால் அறுத்துக்கொள்ளலாம். வண்டி வயலில் இறங்குமுன், எந்தப் பக்கமிருந்து அறுப்பது என்பதை நிலக்காரரே சொல்லிவிட வேண்டும்.