சுண்ணாம்பின் அளவை மண்ணறிந்து தீர்மானித்தல்

மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் மரக்கறி செய்யும் கமக்காரர், நிலத்துக்குச் சுண்ணாம்பு இடுவதன் அவசியத்தை நன்கறிவர். ஆயினும், எவ்வளவு இடுதல் வேண்டும் என்று வினவினால், அயலவர் இட்ட அளவே பெரும்பாலும் விடையாகின்றது. அயலவரின் மண் வேறு, நமது மண் வேறு. அளவு குறைந்தாற் பயன் கிட்டாது. கூடினாற் பணத்துடன் பயிரும் நட்டமாகும்.

மண் புளிப்பாவது ஏன்?

கனத்த மழை மண்ணிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் கரைத்துச் செல்கின்றது. அறுவடையுடனும் அவை நிலத்தைவிட்டு நீங்குகின்றன. சில பசளைகளும் புளிப்பைக் கூட்டும். அமோனியம் சல்பேற்று 100 கிலோகிராம் உண்டாக்கும் அமிலத்தை முறிக்க, ஏறத்தாழ 110 கிலோகிராம் தூய சுண்ணக்கற்றூள் வேண்டும். ஆகவே, சுண்ணாம்பு ஒருமுறை இட்டு மறந்துவிடும் பொருளன்று.

பீ.எச். பெறுமானம் 7 நடுநிலையாகும். அதிலிருந்து ஓர் எண் குறையுந்தோறும் அமிலத்தன்மை பத்து மடங்காகப் பெருகும். 5.5 இற்குக் கீழே செல்லச் செல்ல, மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் வளர்ச்சியைத் தடுக்கும். இட்ட பொசுபரசும் மண்ணிற் பிணிக்கப்பட்டுப் பயிருக்கு எட்டாது போகும்.

அளவைத் தீர்மானிப்பவை

1. மண்ணின் தன்மை: இரண்டு நிலங்களின் பீ.எச். பெறுமானம் ஒன்றாயினும், மணல் மண்ணுக்குச் சிறிதளவு போதும். களியும் உக்கலும் மிகுந்த மண் அமிலத்தைத் தன்னுள் சேமித்து வைத்திருப்பதால், அதற்கு அதிகம் வேண்டும்.

2. பொருளின் வலிமை: தூய சுண்ணக்கல்லை 100 எனக் கொண்டால், தூய தொலமைற்று 109, நீறிய சுண்ணாம்பு 135, சுட்ட சுண்ணாம்பு 179 ஆகும். கண்டி, மாத்தளைப் பகுதிகளிற் கிடைக்கும் தொலமைற்று மகனீசியத்தையும் தருவதால் மலைநாட்டு மண்ணுக்கு உகந்தது. பவளக்கற் சுண்ணாம்பை நாடுதல் கூடாது. கரையோர வலயத்திற் பவளக்கல் அகழ்வது 1988ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தாற் தடைசெய்யப்பட்டுள்ளது.

3. தூளின் நுண்மை: நுண்ணிய தூள் விரைவில் வேலைசெய்யும். பருக்கைகள் நெடுங்காலம் கரையாது கிடக்கும்.

4. பயிர்: உருளைக்கிழங்குக்குச் சிறிது புளிப்பான மண் ஏற்றது, சுண்ணாம்பு மிகுந்தாற் கிழங்கின் தோலிற் சொறி தோன்றும். கோவாவின் வேர்கள் கழலைபோல் வீங்கும் நோயோ புளித்த மண்ணிலேயே மிகும். இவ்விரு பயிர்களையும் மாறிமாறிச் செய்வோர், கோவாவுக்கு முன்னரே சுண்ணாம்பு இடுதல் நன்று.

கணக்கிடும் முறை

மண் பரிசோதனையின்படி எக்டயருக்கு 2 தொன் தூய சுண்ணக்கல் வேண்டும் எனக் கொள்வோம். அது சதுர மீற்றருக்கு 200 கிராமாகும். அரை ஏக்கர் ஏறத்தாழ 2,020 சதுர மீற்றராதலால், 404 கிலோகிராம் வேண்டும். வாங்கும் தொலமைற்றின் வலிமை 95 எனின், 404 ஐ 95 ஆல் வகுத்து 100 ஆற் பெருக்குக. விடை 425 கிலோகிராம். வலிமை 135 உள்ள நீறிய சுண்ணாம்பாயின் 300 கிலோகிராமே போதும். இக்கணக்கு 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கானது. 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கலப்பின் மூன்றிலொரு பங்கு கூட்டுக.

இடும் முறை

நடுகைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன், ஈரமான நிலத்திற் சீராகத் தூவிக் கொத்திக் கலத்தல் வேண்டும். அமோனியப் பசளையுடனோ யூரியாவுடனோ சேர்த்து இடலாகாது. நைதரசன் வாயுவாக வெளியேறி வீணாகும். சுட்ட சுண்ணாம்பு கையையும் கண்ணையும் சுடுமாதலால் எச்சரிக்கை தேவை.

வேண்டாத இடங்கள்

யாழ்ப்பாணத்தின் செம்மண் சுண்ணக்கற் பாறைமீது அமைந்தது. அங்கு பொதுவாகச் சுண்ணாம்பு தேவையில்லை. இட்டால் இரும்பும் நாகமும் பயிருக்குக் கிடையாது இலைகள் மஞ்சளாகும். நெல்வயலில் நீர் தேங்கி நிற்கும்போது புளிப்புத் தானே தணிவதால், பரிசோதனையின்றி அங்கும் இடவேண்டாம்.

ஆதலால், தோட்டத்தின் எட்டுப் பத்து இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோகிராமைப் போகம் தொடங்குமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்துப் பரிசோதிப்பிக்க ஆவன செய்க. எருக்குவியல் இருந்த இடத்தையும் வேலியோரத்தையும் தவிர்த்து மண் எடுத்தல் வேண்டும். மண்ணின் தேவையை அறிந்தபின் மூடைகளை வாங்குவதே சிக்கனமாகும்.